சதுப்பில் நட்ட கோல்

எங்கள் டவுன் ஹட்டனிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது. இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே ஓர் ஓடை, ஓடையை ஒட்டி ஒரே கடைத்தெரு. கடைத்தெருவின் கீழ்க்கோடியில், பஸ்கள் திரும்பும் இடத்துக்கு அப்பால், ஒரு சதுப்பு நிலம் இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பள்ளம் என்றுதான் சொல்வோம். கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். அதன் ஓரங்களில் தண்ணீர் வடியக் கான் வெட்டி, மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி, எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் லீக்ஸ், கோவா என்று மரக்கறி போட்டு வந்தன. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் நேரே அங்கே இறங்கிவிடுவார்கள். நிலம் நகர சபையுடையது என்பார் ஒருவர், தோட்டத்துடையது என்பார் இன்னொருவர். சரியாகத் தெரிந்தவர் எவருமில்லை.

நான் அந்த லயத்தில் பிறந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் நகர சபையில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தேன். சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்த லயத்துப் பெண் என்பதுதான் என்னிடம் இருந்த தகுதி. தமிழில் வரும் மனுக்களைச் சிங்களத்தில் சுருக்கி எழுதுவேன். சிங்களத்தில் போகும் பதில்களைத் தமிழில் சொல்லி அனுப்புவேன்.

மழை மாறத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது மழை என்றால் நாள்கணக்கில் தூறும். துணி காயாது, விறகு பற்றாது, அவ்வளவுதான். இப்போது வாரக்கணக்கில் வெயில் அடித்தது. தேயிலைச் செடியின் நுனி கருகியது. பிறகு ஒரே மத்தியானத்தில் வானம் மொத்தமாக இறங்கியது. அப்படி ஒரு மழையில் கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்து, புடவைக் கடையின் அடித்தட்டுத் துணியெல்லாம் சேற்றோடு மிதந்ததை நான் சபையின் மாடியிலிருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் ஓர் அதிகாரி வந்தார். டவுனை இனி வரும் மழைக்குத் தயார்படுத்த ஒரு திட்டம், அதற்குப் பொறுப்பாக மாவட்டத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் எங்களோடு கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். இவர் முதல் வாரமே லயத்து வாசற்படியில் உட்கார்ந்து, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பாலில்லாத சாயத் தேநீர் குடித்தார். என் அம்மா அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்த கையோடு, குடையைக்கூட மடக்காமல், என்னைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனார். ஓடைத் தண்ணீர் சிவப்பாக, சத்தத்தோடு வந்து அந்தச் சதுப்பில் நுழைந்தது. மறுபக்கம் அது சத்தமில்லாமல் மெல்லக் கசிந்து வெளியேறியது.

“பாத்தீரே பிள்ளை? இது ஒரு பஞ்சு மாதிரி. வாற தண்ணியை எல்லாம் வாங்கி வைச்சிருந்து, ஆறுதலா விடுது. கடைத்தெருவில வந்தது இந்தப் பள்ளம் வாங்கினது போக மிச்சம். இதை மூடினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாரும்.”

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை வருஷம் அந்தப் பள்ளத்தைக் கொசுவும் சேறுமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது டவுனுக்காகத் தண்ணீரைத் தாங்கி நிற்பதைப் பார்த்தேன். அதைக் காட்டித் தந்தவரை நம்பாமல் எப்படி இருப்பது?

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஒரு மரக்கோலைச் சதுப்பின் நடுவில் அடித்து நிறுத்தினோம். தினமும் காலையில் அலுவலகம் போகும் வழியில் தண்ணீர் எந்தப் பட்டை வரை நிற்கிறது என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவது என் வேலை. ஒரு வருஷத்துக்கும் மேலாக எழுதினேன். காய்ச்சலில் கிடந்த நாளில் தம்பியை அனுப்பிவிட்டு, அவன் சரியாகப் பார்த்திருப்பானா என்ற சந்தேகத்தில் மத்தியானம் நானே போர்வையோடு இறங்கிப் போனேன். இந்த அளவு எதற்கு என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

“பள்ளத்தைக் காப்பாத்த. எவ்வளவு தண்ணியை இது தாங்குது எண்டு கணக்குக் காட்டினாத்தான் பெரியாக்கள் நம்புவினம்” என்றார்.

அடுத்து அவர் சொன்னது பாத்திகளைப் பற்றி. பாத்திகளை எடுத்துவிட்டால் சதுப்பு பழைய அகலத்துக்கு விரியும். கரையில் மூங்கிலும் காட்டு நாவலும் வைக்கலாம், மேல் சரிவில் மானாப்புல் நட்டால் மண் பிடிக்கும். விட்டுக்கொடுப்பவர்களுக்கு மேலே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாழாகக் கிடந்த தேயிலை நிலத்தில் பாத்தி போட இடம் கிடைக்கும். சதுப்பில் இனி ஒருவரும் எதுவும் கட்ட முடியாது.

“நான் சொன்னா உத்தியோகத்தன் சொல்லுறான் எண்டுதான் சனம் நினைக்கும். நீர் சொன்னாக் கேக்கும்.”

கூட்டத்தைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வைத்தோம். தாய்மார் மலையில் நிற்கும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஏணைச் சேலைகளை ஓரமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் முதலில் பேசினார். சண்டையில் தன் ஊரையும் வீட்டையும் விட்டு வந்த கதையைச் சொன்னார். “எழும்பிப் போ எண்டு சொன்னா எப்பிடி வலிக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதனாலதான் நான் உங்களைக் கேக்கிறன், கட்டளை போடேல்ல” என்றார். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். திட்டத்தின் விவரம், தமிழில், அவருடைய அழகான கையெழுத்தில். நான் எழுந்து வாசித்தேன்.

முன்வரிசையில் என் தோழி இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவள், பத்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள். பள்ளத்தில் அவளுடைய பாத்திதான் எல்லாவற்றிலும் பெரியது. கூட்டத்துக்கு முந்தின நாளே அவளிடம் தனியாகப் பேசியிருந்தேன். லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன் புள்ள, எனக்கு இந்த எடம் எதுக்குன்னு ஒனக்குத் தெரியுமா? மலைக்குப் போனா கங்காணி கூப்புடுவாரு. வீட்டுக்குப் போனா மாமியா கூப்புடும். இங்க நிக்கிற நேரம் மட்டுந்தான் யாரும் என்னைய கூப்புட மாட்டாங்க.”

“மேல எடம் தருவாங்க. அங்கயும் யாரும் கூப்புட மாட்டாங்க” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “நாங்க எந்திரிச்ச பொறகு இத மூடி எவனாச்சும் கடை கட்ட மாட்டானே?”

“கட்ட முடியாது.”

“அந்த ஐயா சொல்றாரா, நீ சொல்றியா?”

“நான் சொல்றேன்.”

அடுத்த நாள் கூட்டத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள். அவள் போட்டதால் மற்றவர்களும் போட்டார்கள்.

பாத்திகளை அவர்களே கலைத்தார்கள். முற்றாத கோவாவையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார்கள். மூங்கில் கன்றும் நாவல் கன்றும் லொறியில் வந்தன. நட்டதும் அந்தப் பெண்கள்தான். அடுத்து வந்த இரண்டு பருவ மழையிலும் கடைத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. சதுப்பில் நாணல் எழும்பியது. நான் அதுவரை பார்த்திராத நீண்டகால் பறவைகள் வந்தன. புடவைக் கடைக்காரர் என்னை அழைத்து ஒரு சட்டைத் துணி கொடுத்தார். மேலே தருவதாகச் சொன்ன நிலம் மட்டும் கிடைக்கவில்லை. தோட்ட நிர்வாகத்திலிருந்து பதில் வர வேண்டும் என்றார்கள். தோழி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். “வந்துரும்” என்பேன். உண்மையாகவே அப்படி நம்பினேன்.

அவருக்கு இடமாற்றம் வந்த மாதம், அவர் மேசையிலிருந்த கோப்புகளை நான்தான் அடுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. பள்ளத்தின் கோப்பில் என் கொப்பியின் பக்கங்கள் இருந்தன. பிரதி எடுத்து, ஒரு சிங்களக் கடிதத்தின் பின்னால் குத்தியிருந்தார்கள். என் எழுத்தைக் கண்ட சந்தோஷத்தில் அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

சதுப்பை நிரப்பி லொறித் தரிப்பிடமும் கடைத்தொகுதியும் கட்டுவதற்கான கடிதம் அது. முதல் கட்டம், பயிர் செய்பவர்களை அகற்றுவது. எதிர்ப்பு வராமலிருக்க, அதை மரம் நடும் வேலையாகச் செய்வது. இரண்டாம் கட்டம், மண் நிரப்புவது. எத்தனை அடி உயரத்துக்கு நிரப்ப வேண்டும் என்பதை இணைக்கப்பட்டுள்ள தண்ணீர் அளவுகளிலிருந்து கணக்கிடலாம் என்று எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து. திகதி, பிள்ளை மடுவத்துக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முந்தியது.

கடைசி வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். சிங்களத்தில் எனக்கு ஏதாவது தவறாக விளங்குகிறதோ என்று அகராதி எடுத்துப் பார்த்தேன். தவறாக விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி கதிரையிலிருந்த பெட்டியை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொல்லி, தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் எடுத்துப் போயிருந்த கடிதப் பிரதியை மேசையில் வைத்தேன்.

“இதுல உங்க கையெழுத்து இருக்குங்க சேர்.”

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. தூரத்திலிருந்தே அது எந்தத் தாள் என்று அவருக்குத் தெரிந்தது.

“ஓம்” என்றார்.

“மூடப் போறாங்கன்னு தெரிஞ்சுதான் எங்கள எந்திரிக்க வச்சீங்களா?”

“மூடுறது எண்டு மேல உள்ளவை எப்பவோ முடிவெடுத்திட்டினம், பிள்ளை. சனம் இருக்கேக்க டிப்பர் விட்டாப் பிரச்சினை வரும், மரம் நடுறம் எண்டு சொன்னா சனம் தானா எழும்பும் எண்டவை. நான் என்ன நினைச்சனான் எண்டா, ஒருக்கா மரம் வளந்திட்டா, வெள்ளமும் வராமல் நிண்டிட்டா, பிறகு மூட மனம் வராது. அப்பிடியாவது அந்த இடம் தப்பும் எண்டு.”

“அத எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீர் அண்டைக்கு எழும்பி வாசிச்சிருப்பீரே?”

“வாசிச்சிருக்க மாட்டேன்.”

“அதுதான் சொல்லேல்ல.”

தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். “உம்மட அளவு துல்லியமான அளவு. பொறியியலாளர் அதை மட்டும் வைச்சுத்தான் முழுக் கணக்கும் போட்டவர்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ராகலைக்குப் போகும் மரக்கறி மூட்டைக்காரர்கள் இருந்ததைப் பார்த்த பிறகுதான் தவறான பஸ்ஸில் ஏறியிருப்பது தெரிந்தது.

தோழியிடம் மறுநாளே சொன்னேன். அவள் குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னைக்குக் கூட்டத்துல நீ படிச்சது இந்தத் தாளையா?”

“இல்ல. அவரு தமிழ்ல எழுதிக் குடுத்தத.”

“சிங்களத்துல உள்ளத நீ கேக்கலயா?”

“கேக்கல.”

சிங்களம் படிக்கத் தெரிந்தவள் என்றுதான் எனக்கு அந்த நாற்காலியே கிடைத்தது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தாள். “சரிங்க மிஸ்” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். லயத்தில் படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் மட்டும் அதுவரை கூப்பிட்டதில்லை.

டிப்பர்கள் ஒரு வாரத்தில் வந்தன. தோட்டத்து வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், விடிந்தும் விடியாமலும், பெண்கள் கூடைகளோடு வந்து வழியை மறித்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் தோழி கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினார். “நீங்களே விட்டுக்கொடுத்த இடம்தானே” என்று சிங்களத்தில் கேட்டார். அதைத் தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. பெரட்டு நேரம் ஆனதும், வேலை போய்விடும் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அந்த மாதம் முழுக்க மண் வந்துகொண்டே இருந்தது. எங்கேயோ மலையைக் குடைந்து எடுத்த மஞ்சள் மண். நாணலை மூடியது, நாவல் கன்றுகளைக் கழுத்து வரை மூடி, பிறகு முழுவதும் மூடியது. கோல் எந்த நாளில் மறைந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன். கோப்பிலிருந்த கடிதம் வெளியே போனதற்காக என்னைச் சபையிலிருந்து நிறுத்தினார்கள். வலப்பனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். லீவுக்கு மட்டும் வருவேன்.

கடைகள் கட்டித் திறந்து இரண்டாம் வருஷம், நான் லீவில் வந்திருந்தபோது, மழை வந்தது. பதினொரு மணிக்கு இருட்டி, மூன்று மணி வரை ஊற்றியது. ஓடை கீழே வந்து, தான் தங்கும் இடத்தைக் காணாமல் திரும்பியது. கடைத்தெருவை நிறைத்தது. ரோட்டைத் தாண்டி, அதுவரை தண்ணீரே பார்க்காத எங்கள் கீழ் லயத்துக்குள் புகுந்தது. ஒருவரும் சாகவில்லை. தோழியின் லயத்து அறையான காம்பராவில் சேறு முழங்கால் வரை நின்றது. அவளுடைய மாமியாரை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். மகளின் புத்தகங்கள் ஊதிப் போய்க் கிடந்தன.

நான் மண்வெட்டியோடு போனேன். வாசலில் நின்று, “உள்ள வரட்டா?” என்று கேட்டேன்.

“வாங்க” என்றாள்.

மாலை வரை சேறு வாரினோம். மஞ்சள் மண்தான். இடையில், பாத்திரத்தைத் தேடிச் சேற்றுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் நெனைக்கல” என்றாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். “ஒங்களையே நம்பினேன், அவரையில்ல. அதத்தான் என்னால தாங்க முடியல” என்று சேர்த்தாள். நான் சேற்றை அள்ளி வெளியே போட்டேன்.

அதன் பிறகும் ஒரு திட்டம் வந்தது. இந்த முறை இளம் ஆட்கள், சபையில் புதியவர்கள். நிரப்பிய நிலத்தின் ஓரத்தை வெட்டித் திறந்து, தண்ணீர் தேங்க அகலமான வாய்க்கால் அமைத்து, கரையில் மூங்கில் வைக்க வேண்டும் என்றார்கள். வாய்க்கால் போகும் வழியில் கீழ் லயத்தின் கொல்லைப்புறமும் இருந்தது. பழையபடி சம்மதம் கேட்டு, பழைய பிள்ளை மடுவத்திலேயே கூட்டம். நான் அந்த வாரம் ஊரில் இருந்தேன். வந்தவர்களுக்கு யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து தாளை நீட்டி, மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று சிங்களத்தில் கேட்டாள்.

நான் கை நீட்டுவதற்குள் தோழி எழுந்துவிட்டாள்.

“அவங்க வேணாங்க. பேக்கரி மொதலாளி படிக்கட்டும்.”

பேக்கரி முதலாளி சிங்களவர். முப்பது வருஷம் எங்களுக்குப் பாண் விற்றுத் தமிழ் பழகியவர். முதல் வெள்ளத்தில் அவர் கடையும் போனது, இரண்டாவதிலும் போனது. அவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிங்களத்தில் ஒரு வரி, தடுமாற்றத் தமிழில் ஒரு வரி என்று வாசித்தார். சில இடங்களில் சொல் தவறியது. எனக்குச் சரியான சொல் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தோழி மூன்று கேள்வி கேட்டாள். வாய்க்காலைப் பிறகு மூட நினைத்தால் யாரிடம் கேட்க வேண்டும்? அது இந்தத் தாளில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது? இந்தத் தாள் எங்களிடமே இருக்குமா? மூன்றாவதற்கு, பிரதி பிறகு அனுப்புகிறோம் என்றார்கள். “அப்ப கையெழுத்தும் பொறகு அனுப்புறோம்” என்று அவள் உட்கார்ந்தாள். வந்தவர்கள் டவுனுக்குப் போய்ப் பிரதி எடுத்துக்கொண்டு வரும் வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

கையெழுத்துத் தாள் கடைசி வரிசையில் இருந்த என்னிடமும் வந்தது. அம்மாவின் காம்பரா கீழ் லயத்தில்தான் இருக்கிறது. அவளுக்காக நான் போட்டேன்.

வாய்க்காலை அடுத்த வெயில் காலத்தில் வெட்டினார்கள். தாளில் இருந்த நீளத்தில் பாதிதான் வெட்டியிருக்கிறார்கள். மீதிக்காகத் தோழியும் இன்னும் நாலு பெண்களும் மாதத்துக்கு ஒரு தடவை, கொழுந்து இல்லாத நாளாகப் பார்த்து, அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய் வருகிறார்கள். என்னை அழைப்பதில்லை.